நெஞ்சின்மேல் வைத்த கை

காரவள்ளியில் சமவெளி முடிந்து கொல்லிமலை தொடங்குகிறது. அங்கிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அறப்பளீசுவரரைத் தரிசிக்க வரும் குடும்பங்களில் சிறுவர்கள் வளைவுகளை உரக்க எண்ணிக்கொண்டே வருவார்கள். பெரியவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்களை மூடிக்கொள்வார்கள். ஆடி மாதத்தில் வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து ஏறுவதைக் காணலாம்.

அதே 70 வளைவுகளையும் நள்ளிரவில் இறங்கிக் கடக்க வேண்டிய நேரம் மலைமேல் வாழும் குடும்பங்களுக்கு வருவதுண்டு. தந்தைக்குத் திடீரென நெஞ்சு அடைக்கிறது. அல்லது தாய்க்கு மூச்சு வாங்குகிறது. செம்மேட்டு அரசு மருத்துவமனையில் முதற்சிகிச்சை கிடைக்கும். செயற்கைச் சுவாசம், இரவு பகலாகக் கண்காணிப்பு என்று தேவை பெருகினால் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்கியாக வேண்டும். 2008-இல் 108 ஊர்தி தமிழகத்துக்கு வந்தது. 2022 ஜனவரியில் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஒரு தலைமுறைக்கு முன்பு தூளி கட்டி நோயாளியைச் சுமந்து இறங்கியவர்களுக்கு இவை எத்தனை பெரிய வரங்கள் என்பது தெரியும். ஆயினும் வளைவுகள் குறையவில்லை. ஊர்தியின் பின்பகுதியில் அமர்ந்திருக்கும் மகன் வளைவுகளை எண்ணுவதில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் தந்தையின் உடல் ஒரு பக்கமாகச் சரிகிறது. அவன் தாங்கிப் பிடிக்கிறான். மலையடிவாரம் வரும்வரை அவன் கைகளுக்கு அதுவே வேலை.

மருத்துவமனைக்கு வந்து சேர்ந்ததும் அந்த வேலை பறிபோகிறது. சக்கரக் கட்டில் உள்ளே போகிறது. கண்ணாடிக் கதவு மூடிக்கொள்கிறது. பார்வை நேரத்தில் ஒருவர் மட்டும், சில நிமிடங்கள் மட்டும் என்று காவலர் சொல்லிவிடுகிறார். மகன் நாற்காலியில் அமர்கிறான், எழுகிறான், மீண்டும் அமர்கிறான். வழி நெடுகத் தந்தையைத் தாங்கிய கைகள் இப்போது மடியில் சும்மா கிடக்கின்றன.

கொல்லிமலையில் எட்டுக்கை அம்மன் கோயில் இருக்கிறது. சங்கப் பாடல்கள் பேசும் கொல்லிப்பாவை இவளே என்று மலை மக்கள் நம்புகிறார்கள். ஆபத்து வந்தால் அந்த மலையில் முதலில் நாவில் எழும் பெயர்களுள் அவள் பெயரும் ஒன்று. அவளுக்குக் கைகள் எட்டு. கதவுக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கு இருப்பவை இரண்டு. அவற்றைக் கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவனுடைய துயரத்தின் பெரும்பகுதி.

கதவுக்கு அப்பால் இருக்கும் அறை எப்படித் தோன்றியது என்பதை அறிந்தால் அச்சம் சற்றுக் குறையும். 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவியது. சுவாசத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் நாள்தோறும் வந்து குவிந்தனர். அவர்களுக்கு மூச்சூட்டும் இயந்திரங்களோ அந்த மருத்துவமனையில் விரல் விட்டு எண்ணத்தக்கவையே. பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் ஒரு வழி சொன்னார். அறுவை அரங்கில் செய்வதுபோல, தொண்டையில் சிறு துளையிட்டு, குழாய் பொருத்தி, அதன் முனையில் ரப்பர்ப் பையை இணைத்துக் கையால் அமுக்கி மூச்சூட்டலாம் என்றார். ஆகஸ்ட் மாத இறுதியில் 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவ்வாறு செய்தார். அவள் பிழைத்தாள்.

சரி, பையை அமுக்குவது யார்? நோயாளிகளோ பலர், மூச்சோ ஒரு நிமிடமும் நிற்கக் கூடாதது. மருத்துவ மாணவர்களை அழைத்தார்கள். சுமார் 1500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில், இரவும் பகலும், ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் அமர்ந்து அந்தப் பைகளை அமுக்கினார்கள். பையை அமுக்கியபடியே குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டியவர்களும் உண்டு. சாவுகள் வெகுவாகக் குறைந்தன. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே நகரில் இப்சன் ஒரு தனிப்பிரிவை அமைத்தார். உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று மருத்துவ வரலாறு குறிப்பிடுவது அதைத்தான். இன்று கட்டிலருகே நின்று சீராக ஒலியெழுப்பும் செயற்கைச் சுவாசக் கருவி அந்த மாணவர்களின் கைகள் செய்த வேலையையே செய்கிறது. அந்தப் பிரிவு தோன்றியபோது அதில் முதன்மையாக இருந்தவை கைகள். கருவிகள் பின்னர் வந்தவை.

ஆகவே, பார்வை நேரம் வந்ததும் பிள்ளை செய்ய வேண்டிய முதல் காரியம் கைகளைச் சோப்பிட்டு நன்றாகக் கழுவிக்கொள்வது. பூசை அறைக்குள் நுழையுமுன் கை கால் கழுவிப் பழகியவர்களுக்கு இதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பதற்றத்தில் மறப்பவர்கள் உண்டு. தொற்று ஏற்கெனவே தளர்ந்த உடலுக்குப் பெரும்பகை.

பிறகு அருகில் சென்று தொட வேண்டும். ஊசி ஏற்றாத கை எது, எங்கே தொடலாம் என்று செவிலியரைக் கேட்டால் சொல்வார். பலர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, திரையில் ஓடும் எண்களையே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த எண்களைப் பார்ப்பதற்கு அங்கே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அந்த நெற்றியைத் தடவ ஒரு பிள்ளைதான் உண்டு.

பேசவும் வேண்டும். மயக்க மருந்தில் இருப்பவர் எவ்வளவு கேட்கிறார் என்பதை வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் அனுபவம் மிக்க செவிலியர்கள், பதில் பேசாத நோயாளியிடமும் “ஐயா, இப்போ திரும்பிப் படுக்க வைக்கப் போறோம்” என்று சொல்லிவிட்டே தொடுகிறார்கள். என்ன பேசுவது என்று திகைக்க வேண்டாம். “அப்பா, பெரியவன் வந்திருக்கேன். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரியிலே இருக்கீங்க. மிளகு பறிச்சாச்சு, களத்திலே காயுது. தம்பி மாட்டைப் பார்த்துக்கிறான்.” இவ்வளவு போதும். கடன், பாகப்பிரிவினை, அத்தை வீட்டு வழக்கு எதுவும் அங்கே வேண்டாம்.

இதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. தீவிர சிகிச்சையில் இருக்கும் முதியவர்களுக்கு மனக்குழப்பம் ஏற்படுவது மிகச் சாதாரணம். பகலா இரவா தெரியாத விளக்கு வெளிச்சம், இடைவிடாத மணியொலி, மருந்துகள், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து, நேற்றுவரை தெளிவாக இருந்தவரைப் பிதற்ற வைக்கின்றன. மகளை யாரென்று கேட்பார்; குழாயைப் பிடுங்க முயல்வார்; சுவரில் பாம்பு ஊர்கிறது என்பார். அப்பாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று குடும்பம் நொறுங்கிப்போகும். பெரும்பாலும் உடல் தேறும்போது இது தானே தெளிகிறது. தெளிவிக்க உதவுபவை மிக எளியவை: அவருடைய மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, நாள் கிழமை சொல்லும் பழகிய குரல். வீட்டிலிருந்து புதுப் போர்வையும் பழக்கூடையும் கொண்டுவருகிறவர்கள் கண்ணாடியை மறந்துவிடுகிறார்கள்.

கோயிலுக்குச் செல்லும் குடும்பங்கள் இங்கே தனியாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அர்ச்சனை செய்த திருநீற்றை நெற்றியில் ஒரு கீற்று இடப் பெரும்பாலும் தடை சொல்ல மாட்டார்கள், கேட்டுக்கொண்டு இடலாம். தீர்த்தத்தை வாயில் விடுவது வேறு. வாயில் குழாய் இருப்பவருக்கும், நினைவு மங்கியவருக்கும் விழுங்கும் ஆற்றல் இருக்காது. அன்போடு விட்ட ஒரு கரண்டி நீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவைக் கொண்டுவரக்கூடும். உதட்டில் ஈரப்பஞ்சால் ஒற்றலாமா என்று செவிலியரைக் கேட்டுச் செய்தால் அதுவே தீர்த்தப் பிரசாதம். கற்பூரமும் அகலும் ஆக்ஸிஜன் ஓடும் அறைக்கு அருகிலேயே போகக் கூடாது. தீ அங்கே நொடியில் பற்றும்.

மூலிகை குறித்தும் சொல்லியாக வேண்டும்; பேசுவது கொல்லிமலையைப் பற்றியல்லவா! சித்தர்கள் உலவிய மலை, அரிய பச்சிலைகள் விளையும் மலை என்று புகழ் பெற்றது. மேலேயிருந்து வரும் உறவினர் யாராவது மடியில் ஒரு பொட்டலம் கொண்டுவருவார்; காவலர் பார்க்காத நேரத்தில் நாக்கில் தடவிவிடலாம் என்பார். நாமக்கல் நகரின் நடுவே வானமே கூரையாக 18 அடி உயரத்தில் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயரை அவர் சற்று நினைத்துப் பார்க்கலாம். இலக்குவன் மூர்ச்சித்துக் கிடந்தபோது மருந்து தேடிப் பறந்தவன் அநுமன். மூலிகை எதுவென்று அடையாளம் தெரியாமல் மலையையே பெயர்த்துக்கொண்டு வந்தான். அவன் அதை இலக்குவன் வாயில் தானே இடவில்லை. வால்மீகியில், மூலிகையைத் தேர்ந்தெடுத்து நசுக்கிக் கொடுத்தவன் மருத்துவம் அறிந்த சுஷேணன். மலையைச் சுமக்கும் வலிமையுள்ளவனே மருந்தை மருத்துவனிடம் ஒப்படைத்துவிட்டு விலகி நின்றான். தந்தை ஏற்கெனவே ஏதேனும் நாட்டு மருந்து உட்கொண்டு வந்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுவதும் பிள்ளையின் கடமை. இரத்தம் உறைவதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் பச்சிலைகள் உண்டு.

கதவுக்கு வெளியே கிடக்கும் மணிநேரங்களில் கைகளுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பம் சேர்ந்திருந்தால், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. அட்டை மலைமேல் பெட்டியில் பூட்டிக் கிடந்தால் அதை எடுத்துவர ஒருவரை உடனே அனுப்ப வேண்டும். குடும்ப அட்டையும் ஆதாரும் கூடவே வரட்டும்.

அடுத்து வங்கி. ஓய்வூதியமோ, ஏலக்காய்க்கும் காப்பிக்கும் வந்த தொகையோ தந்தையின் தனிக் கணக்கில் இருக்கும். கையெழுத்திட அவரால் இயலாது. இதற்கென்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. நினைவோடு இருந்து கையெழுத்து மட்டும் இட முடியாத நோயாளி, பெருவிரல் ரேகை வைக்கலாம். கைவிரல் இயலாவிடில் கால் விரல் ரேகையும் செல்லும். வங்கி அறிந்த இரு சாட்சிகள் அதை அடையாளம் காட்ட வேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். கிளை மேலாளரிடம் நிலைமையைச் சொல்லி எழுத்தில் வேண்டினால் அலுவலர் கட்டிலருகே வர வழி உண்டு. நினைவே இல்லாதவர் விஷயத்தில் இது நடவாது. நீதிமன்றத்தின் வாயிலாகப் பாதுகாவலர் நியமனம் பெறும் நீண்ட வழிதான் மிஞ்சும். தந்தை நலமாக இருக்கும்போதே “இருவரில் எவரேனும்” என்று கணக்கில் ஒரு பெயரைச் சேர்த்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை. அவர் பணத்தின் மேல் கண் வைத்தது போலாகுமே என்ற கூச்சத்தால் கேட்காமல் விட்ட பிள்ளைகள்தான் பின்னர் கந்துவட்டிக்குப் போகிறார்கள்.

மருத்துவரிடம் பேச குடும்பத்தில் ஒருவரை மட்டும் நியமிப்பது நல்லது. மூத்தவரிடம் ஒன்றும், மாப்பிள்ளையிடம் ஒன்றும், சித்தப்பாவிடம் ஒன்றுமாகச் செய்தி சிதறினால் வராந்தாவிலேயே குருக்ஷேத்திரம் மூளும். நான்கு நாட்களாகக் கண் விழித்துக் கிடக்கும் மகளைவிட, ஐந்தாம் நாள் வெளியூரிலிருந்து வந்து இறங்கும் மகனே அதிகம் சத்தம் போடுவது எல்லா மருத்துவமனைகளிலும் காணும் காட்சி. அவனுடைய சத்தத்தின் அடியில் குற்ற உணர்வு இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மகளுக்குச் சற்று எளிதாகும்.

இத்தனைக்கும் நடுவே பிள்ளையின் நெஞ்சில் கனமாக உட்கார்ந்திருக்கும் கேள்வி ஒன்றுதான். எதை வேண்டிக்கொள்வது? பிழைக்க வேண்டும் என்றா? இந்த வேதனை போதும் என்றா? இரண்டாவதை நினைத்த மாத்திரத்தில் பாவம் செய்துவிட்டதாகக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு.

இந்தக் கேள்வியின் இரு முனைகளையும் தம் தாயின் பொருட்டுத் தொட்டவர் திருவண்ணாமலை பகவான் ரமணர். 1896-இல் மதுரையை விட்டு வந்த மகனைத் தேடி அழகம்மையார் 1898-இல் வந்து, வீட்டுக்கு வருமாறு கதறியதும், மௌனத்தில் இருந்த மகன் விதிப்படியே யாவும் நடக்கும் என்ற கருத்தில் எழுதிக் காட்டி அனுப்பியதும் அன்பர்கள் பலரும் அறிந்தவை. கல்நெஞ்சு என்றுகூட அன்று பார்த்தவர்கள் நினைத்திருக்கலாம்.

1914-இல் அந்த அம்மையார் திருப்பதி யாத்திரை முடித்துத் திரும்பும் வழியில் விரூபாக்ஷ குகைக்கு மகனைக் காண வந்தார். வந்த இடத்தில் டைபாய்டு காய்ச்சல் பற்றிக்கொண்டது. வாரக்கணக்கில் உயிர் ஊசலாடியது. விதிப்படி நடக்கும் என்று எழுதிக் காட்டிய அதே மகன், அப்போது தாயின் அருகிலிருந்து பணிவிடை செய்தார்; அத்துடன் அருணாசலேசுவரரை நோக்கித் தாயின் காய்ச்சலைத் தணித்தருளுமாறு நான்கு பாக்களும் இயற்றினார். அவர் தமக்கென்று எதையும் வேண்டியவர் அல்லர். தாய்க்காக வேண்டினார். அம்மையார் தேறி ஊர் திரும்பினார். ஞானியே வேண்டியிருக்கும்போது, மருத்துவமனை வராந்தாவில் அமர்ந்து “அம்மா பிழைக்கட்டும்” என்று எட்டுக்கை அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிகிற பிள்ளை வெட்கப்பட ஒன்றுமில்லை.

1916-இல் அழகம்மையார் மகனோடு தங்கிவிட வந்தார். கந்தாசிரமத்தில் சமைத்துப்போட்டு, அடியார்களுக்கு அன்னையாக இருந்தார். 1922-இல் உடல் மிகத் தளர்ந்தது. மே 19 அன்று முடிவு நெருங்கியது தெரிந்துவிட்டது. அன்று ரமணர் தாயின் பக்கத்தில் அமர்ந்தார். வலக்கையைத் தாயின் நெஞ்சின்மேல் வைத்தார். இடக்கையைத் தலைமேல் வைத்தார். காலை ஏறக்குறைய 8 மணி. சுற்றியிருந்தவர்களில் சிலர் வேதம் ஓதினர். சிலர் இராம நாமம் சொன்னார்கள். தாய்க்கு மூச்சு இரைத்தது. மகன் கையை எடுக்கவில்லை. இரவு 8 மணி அளவில் உயிர் அடங்கும்வரை ஏறத்தாழ 12 மணி நேரம் அவ்வாறே அமர்ந்திருந்தார். அன்று அவர் தாயின் பிழைப்பை வேண்டிப் பாட்டு எதுவும் பாடியதாகச் செய்தி இல்லை.

இன்னொரு நுட்பமும் அந்த வரலாற்றில் உண்டு. ரமணருக்குப் பல ஆண்டுகள் பணிவிடை செய்த பழனிசாமி இறக்கும் தறுவாயிலும் அவர் இதேபோல் கை வைத்து அமர்ந்திருந்தார். எல்லாம் அடங்கிவிட்டதென்று எண்ணிக் கையைச் சற்று முன்னதாக எடுத்துவிட்டதாகப் பின்னாளில் அவரே அன்பர்களிடம் சொன்னதுண்டு. அந்த அனுபவத்தால், தாயின் மூச்சு நின்ற பிறகும் சிறிது நேரம் கையை எடுக்காதிருந்தார். அன்னையின் உடல் மலையடிவாரத்தில் சமாதி செய்யப்பட்டது. அதன்மேல் அமைந்ததே மாத்ருபூதேசுவரர் சந்நிதி. 1949 மார்ச்சில் அதற்குக் கும்பாபிஷேகம் நடந்தது. இன்றைய ரமணாசிரமம் அந்தத் தாயின் சமாதியைச் சுற்றி வளர்ந்ததே.

1914-இன் வேண்டுதலுக்கும் 1922-இன் அமைதிக்கும் இடையில் மகனின் அன்பு மாறவில்லை. தாயின் நிலை மாறியிருந்தது. காய்ச்சல் தணியக்கூடிய உடல் அது. அடங்கும் காலம் வந்துவிட்ட உடல் இது. இந்த வேறுபாட்டை அறிய சாதாரணப் பிள்ளைக்கு ஞானக் கண் இல்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு மருத்துவர் இருக்கிறார். “டாக்டர், காப்பாற்றிவிடுவீர்களா?” என்ற கேள்விக்கு எந்த மருத்துவரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார். “நேற்றைவிட இன்று எப்படி இருக்கிறார்? இந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்பது எப்போது தெரியும்? பிழைத்தால் எழுந்து நடமாடுவாரா? உங்கள் தந்தையாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால் பேச்சு வேறு விதமாகத் திறக்கும்.

மீட்சிக்கு வழியில்லை என்று மருத்துவர்கள் முடிவுக்கு வந்துவிட்டால், கருவிகளை நீக்குவது பற்றிய சட்டம் இன்று தெளிவாகவே இருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறைகளை எளிதாக்கியது. தனக்கு நினைவு தவறினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி, இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவுபெற்ற அலுவலரிடமோ சான்று பெற்று வைக்கலாம். எழுதி வைக்காதவர் விஷயத்திலும், மருத்துவமனையின் முதல் குழு, அதன்பின் இரண்டாம் குழு என்று இரு குழுக்கள் ஆராய்ந்து, குடும்பத்தின் இசைவோடு முடிவெடுக்கலாம். மகன் தனியே நின்று தந்தையைக் கொல்லும் பாவம் எதுவும் இதில் இல்லை. நோய் முடித்துவைப்பதைக் கருவி தடுத்து நீட்டாமல் விடுவது மட்டுமே நடக்கிறது.

நம் ஊர்களில் நடப்பது பெரும்பாலும் வேறு. பணம் தீர்ந்துவிடும், அல்லது “மலையிலேயே அவர் மூச்சு போகட்டும்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவ்வாறு விரும்புவதில் தவறே இல்லை. தன் மண்ணில், தன் நாட்டுக்காரர்கள் சூழக் கண்மூட எந்த முதியவரும் விரும்புவார். ஆனால் எந்த ஏற்பாடும் இன்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அழைத்துச் சென்றால், பாதி வளைவுகள் ஏறுவதற்குள் மூச்சு முட்டித் துடிக்கும் தந்தையைக் கையாலாகாமல் பார்த்துக்கொண்டு வர நேரிடும். அந்தக் காட்சி ஆயுள் முழுதும் பிள்ளையை விடாது. புறப்படுமுன் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசி, வலியையும் மூச்சுத் திணறலையும் தணிக்கும் மருந்துகளைக் கேட்டுப் பெறலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து செய்யும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அடங்கியுள்ளது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் முன்பே சொல்லி வைக்கலாம். சிகிச்சை நிற்கலாம், பராமரிப்பு நிற்கக் கூடாது.

மலைமேல் ஐயாற்றங்கரையில் அறப்பளீசுவரர் எழுந்தருளியிருக்கிறார். அம்பிகையின் திருநாமம் தாயம்மை. ஆற்று மீன்களைப் பற்றித் தலபுராணம் ஒரு செய்தி சொல்கிறது: யாரோ பிடித்து, அறுத்து, உலையிலிட்ட மீன், துண்டுகள் ஒன்றுகூடி உயிர்பெற்று ஆற்றில் துள்ளி விழுந்ததாம். அறுந்ததைப் பொருத்தும் அந்த இறைவனை நோக்கி மலை மக்கள் எத்தனையோ தலைமுறைகளாக உயிர்ப்பிச்சை கேட்டு வருகிறார்கள். அவர்களுள் கேட்டது கிடைத்தவர்களும் உண்டு, கிடைக்காதவர்களும் உண்டு. இரு சாராரும் அடுத்த ஆடியில் அதே சந்நிதியில் நிற்கிறார்கள்.

கீழே நாமக்கல்லில் மாலைப் பார்வை நேரம் நெருங்குகிறது. காலையிலிருந்து எதுவும் உண்ணாத மகனை யாரோ வற்புறுத்தி இரண்டு இட்லி சாப்பிட வைத்திருக்கிறார்கள். சட்டைப் பையில் தந்தையின் மூக்குக் கண்ணாடி இருக்கிறது. மலையிலிருந்து வந்த பேருந்தில் தம்பி கொடுத்தனுப்பியது. அவன் எழுந்து குழாயடிக்குச் சென்று, முழங்கை வரை சோப்பிட்டுக் கைகளைக் கழுவிக்கொண்டு, கதவருகே வந்து நிற்கிறான்.